அம்மா கட்டிய நூலும் இரண்டு பாகைத் தண்ணீரும்

என் அன்பு மச்சான் குகனுக்கு,

ஐஸ்லாந்துக்குப் போய் வந்துவிட்டேனடா. நாங்கள் இருவரும் சேர்ந்து தண்ணீருக்கடியில் சுழியோடப் போவதாக இருந்த அதே பாறைப் பிளவுக்குத்தான். உன் செத்தவீடு முடிந்ததும் பயணத்தை நிற்பாட்டத்தான் இருந்தேன். உன் அம்மாதான் விடவில்லை. "அவன் பாக்க ஆசைப்பட்டதை நீயாவது பாத்திட்டு வா" என்றார்.

புறப்படும் அன்று உங்கள் அஜின்கோர்ட் வீட்டுக்குப் போனேன். அம்மா வழக்கம்போல் கோயில் நூலை எடுத்து வலது மணிக்கட்டில் கட்டினார். இம்முறை முடிச்சு நல்ல இறுக்கம்.

"திரும்பி வந்து என்ர வாசல் மிதிக்குமட்டும் கழட்டக் கூடாது, ஓமே?"

"ஓம் அம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

குளிர்தண்ணீருக்கான அந்த உடுப்பு மணிக்கட்டில் றப்பர் பட்டியால் இறுக்கிப் பிடிக்கும். பட்டிக்கு அடியில் ஒரு மயிர் கிடந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். உனக்குத் தெரியாததா? இங்கே ஏரிகளில் இறங்குமுன் "கையைக் காட்டடா" என்று என் நூலை முழங்கைவரை ஏற்றிவிடுகிறவன் நீதானே. இம்முறை கேட்க ஆளில்லை. நூலும் ஏறவில்லை. ஒரு நூல்தானே என்று விட்டுவிட்டேன்.

தண்ணீரின் குளிர் இரண்டு பாகை செல்சியஸ். இறங்கிய கொஞ்ச நேரத்தில் கை தோள்வரை ஈரம், விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. கரையேறிவிட்டேன். சுழியோடக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை நீட்டினார். நூலோடு இறங்க விடமாட்டாராம். வெட்டுவதா, வீட்டுக்குத் திரும்புவதா? கரையில் இருந்து உன்னோடுதான் சண்டை பிடித்தேன். நெஞ்சடைத்துச் சாக இதுதானா உனக்கு நேரம்? பிறகு நானே வெட்டினேன். உடுப்பை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினேன்.

மச்சான், அவ்வளவு தெளிவு, நடுவில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். முந்தி நீங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டுப் பல்கனியில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் கால் கூசுமே, அதே கூச்சம். இந்த இடத்தைப் பற்றி நீ ஓயாமல் சொன்னதெல்லாம் சரிதான். முகமூடிக்குள் அழுதேன். துடைக்கவும் முடியாது.

நேற்று அம்மாவிடம் போனேன். வாசலிலேயே வெறுங்கையைக் கண்டுவிட்டார்.

"எங்கயடா நூல்?"

வெட்டியதைச் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். அவர் என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவினார்.

"அவனுக்கும் நான்தானே கட்டினனான். கடைசிமட்டும் அவன் கழட்டேல்ல. ஆஸ்பத்திரியில அவன்ர உடம்பை நூலோடதான் தந்தவை. நீ வெட்டிப்போட்டு வந்திட்டாய். வந்திட்டாய்தானே, அது காணும், வேறொண்டும் வேண்டாம். சாப்பிட்டியே?"

பக்கத்திலேயே இருந்து சாப்பிட வைத்தார்.

வரும் கோடையில் ஏரிக்குப் போவேன் குகா. போகுமுன் நூல் கட்ட அம்மாவிடம் கையை நீட்டுவேன். கரையில் நானே கழற்றி வைப்பேன். ஏறியதும் அதை எடுத்துக்கொண்டு நேரே அவர் வாசலுக்குத்தான் போவேன்.

உன் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் மகன்,
ரஞ்சன்