வெள்ளிக்கிழமைக்காரி

மண்டலே, பர்மா

என் திங்கட்கிழமைக்காரருக்கு,

வெள்ளியில் பிறந்தவள் திங்களில் பிறந்தவனைக் கட்டினால் இருவருக்கும் ஆயுசு குறைவு என்று உங்கள் அம்மா சொல்லியனுப்பியதிலிருந்து என் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சனிக்கிழமை பொறந்தேன்னு சொல்லிட்டாப் போச்சு, யாருக்குடி தெரியும்?" என்கிறாள்.

"பொறந்த கிழமைக்குரிய எழுத்துலதானேம்மா பேரு வெச்ச? அதையும் மாத்துவியா?" என்று சிரித்துவிட்டேன்.

பொய் சொல்லி உங்களை அடைய எனக்கு விருப்பமில்லை. ஞாயிறு காலை கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசிக்கொண்டு புத்தர் கோயிலுக்கு வருவேன். கிழமைக்கொன்றாய், கிரகத்துக்கொன்றாய்ச் சுற்றி நிற்கும் சந்நிதிகளில் என் வெள்ளிக்கிழமைச் சந்நிதிப் புத்தருக்கு நீரூற்றிவிட்டு, நேரே உங்கள் திங்கட்கிழமைச் சந்நிதிக்கு நடப்பேன். நீங்கள் நின்றால் கல்யாணம்.

நிற்காவிட்டால் கிரகத்தின் மேல் பழி போடாதீர்கள். எல்லாக் கிரகமும் அங்கேதான் இருக்கும்; வராதவர் நீங்கள் மட்டும்தான்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையே பிறந்தவள்