திருப்பி அனுப்பிய மூன்று விசைகள்

2019 ஜனவரி 5, சனி

பாயின்ட் டூ டூ துப்பாக்கி ஒருவழியாக உருவாகிவிட்டது. குழல் மிசோரியிலிருந்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் மொன்டானாவிலிருந்து. வால்நட் கட்டை கேலன் ஊரை விட்டுப் போகுமுன் இழைத்துக் கொடுத்தது. பாக்கி விசை, அதாவது டிரிக்கர், மட்டும்தான். இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் துப்பாக்கியோடு விசை வராது. நாமே பார்த்து வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். விசைக் கடைகளின் தாள்கள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிக் கிடக்கின்றன. அந்த மேசையில் சாப்பிட வேறு யாரும் இல்லாததால் தொந்தரவில்லை.

கட்டையில் கை பிடிக்கும் இடத்துக்குக் கீழே ஒரு விரலளவு சொரசொரப்பாகவே விட்டிருக்கிறான் கேலன். அவன் கை அப்படி விடாது. கிளம்பும் அவசரம் போலிருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் துப்பாக்கிச் சங்கத்தில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சுட்டவன். மனைவியின் நுரையீரலுக்கு மினசோட்டா குளிர் ஆகாது என்று செப்டம்பரில் அரிசோனா போனான். “போய் இறங்கினதும் கூப்பிடுறேன்யா” என்றான். இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறான்.

ஜனவரி 8

கென்டக்கியில் ஒரு சின்னப் பட்டறையைக் கூப்பிட்டேன். விசை செய்பவரும் தொலைபேசியை எடுப்பவரும் ஒரே ஆள்தான், பெயர் ஒடெல். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுகிறார்.

“ஐயா, உங்க விரல் எப்படிப்பட்ட விரல்?”

“விரல் மாதிரிதான் இருக்கும்.”

“இல்லைங்கய்யா, சிலருக்குத் தொட்டதும் போயிடணும். சிலருக்குக் கொஞ்சம் இழுத்து, ஒரு சுவத்துல முட்டி நின்னு, அப்புறம் அழுத்தணும். அவங்களுக்கு ரெண்டு கட்ட டிரிக்கர் நல்லது.”

“சுவரெல்லாம் புதுசாப் பழகுறவங்களுக்கு. நான் முப்பது வருஷமாச் சுடுறவன். எட்டு அவுன்ஸ் அழுத்தம், தொட்டாப் போகணும்.”

நாற்பது நிமிடம் பேசினோம். விசை விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதியெல்லாம் பனி, அவருடைய நாய், நான் முப்பத்தொரு வருடம் மாவட்டத்தின் பனி அள்ளும் வண்டி ஓட்டியது.

ஜனவரி 16

விசை வந்தது. பத்து முறை இழுத்துப் பார்த்து, பத்து எடையையும் பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்று பெட்டிக்குள். பத்தும் ஏறக்குறைய எட்டு அவுன்ஸ். அழகான வேலை.

ஜனவரி 19, சனி

குளிர்காலப் போட்டி தொடங்கியது. கொட்டகைக்குள் கேஸ் அடுப்பு, ஜன்னல் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே ஐம்பது கெஜத்தில் குறி அட்டை. கேலனின் மேசையில் புதிதாகச் சேர்ந்த பல் வைத்தியர் உட்கார்ந்திருந்தார். யாரும் உட்காரக் கூடாது என்று நான் சொல்ல முடியுமா?

ஏழாவது தோட்டாவுக்குத் துப்பாக்கியை அட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். அழுத்தவே இல்லை, வெடித்துவிட்டது. குண்டு பல் வைத்தியரின் அட்டையில் போய் உட்கார்ந்தது.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வெர்னா தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, “என்ன ஹால்வர், டாக்டருக்கு இலவசமா பாயின்ட் போடுறியா? பல்லு கட்டணுமா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“டிரிக்கர் சரியில்லை” என்றேன்.

ஜனவரி 21

முப்பது நாளில் திருப்பலாம் என்பது பட்டறையின் வழக்கம். திருப்பிவிட்டேன். அடுத்தது பத்து அவுன்ஸ், விரல் படும் நாக்கு நேரானது. ஒடெல் காரணம் கேட்டார். ஒரு மணி நேரம் சொன்னேன்.

ஜனவரி 30

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து. தபால்கூட வரவில்லை. இந்த மாதம் இந்த வீட்டில் தொலைபேசி இரண்டு முறை அடித்தது. ஒன்று மருந்துக்கடையின் பதிவுக் குரல். இன்னொன்று தவறான எண், யாரோ டொலோரஸைக் கேட்டார்கள். டொலோரஸ் இல்லை என்று சொன்ன பிறகும் நான் கொஞ்ச நேரம் வைக்கவில்லை.

பிப்ரவரி 2, சனி

இரண்டாவது விசையும் அதே கதை. இன்று குண்டு அட்டைச் சட்டத்தின் மரக்காலில் பாய்ந்து சில்லு பறந்தது. வெர்னா கையைத் தூக்கி வரிசை முழுவதையும் நிறுத்தினாள். எல்லோரும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து பின்னால் நின்றார்கள், என் ஒருவனால்.

“இது ரெண்டாவது, ஹால்வர். மூணாவது நடந்தா இந்தக் கதவுக்குள்ள துப்பாக்கியோட வராத. நீயா இருந்தாலும் சரி, எங்கப்பாவா இருந்தாலும் சரி.”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. “என்னை ஏன் சொல்ற? அந்தக் கென்டக்கிக்காரன் செய்யுறது ஒண்ணும் உருப்படியில்லை. யாரும் அவன்கிட்ட வாங்காதீங்க” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். இரண்டு பேர் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்களாம். ரத்து செய்துவிடுகிறோம் என்றார்கள். வெர்னா பட்டறைப் பெயரை ஒரு தாளில் எழுதி, ‘பாதுகாப்பில்லை’ என்று அறிவிப்புப் பலகையில் குத்தினாள்.

சனிக்கிழமை மூன்று மணி நேரம். வாரத்தில் என் பெயரை வாயால் சொல்லும் மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதுவும் போனால்?

பிப்ரவரி 6

இரண்டாவதையும் திருப்பிவிட்டு அவரிடமே கேட்டிருந்த மூன்றாவது வந்தது, பன்னிரண்டு அவுன்ஸ். தோட்டா இல்லாமல் வீட்டிலேயே இழுத்துப் பார்த்தேன். எப்போது விழும் என்றே தெரியவில்லை. திருப்பிவிட்டேன்.

பிப்ரவரி 9

போட்டிக்குப் போகவில்லை. விசை இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மதியம் முட்டை பொரிக்கும்போது ஏதோ தீய்ந்த வாடை வந்தது. குனிந்து பார்த்தால் என் ஆட்காட்டி விரல் சட்டியின் விளிம்பில் இருக்கிறது. கொப்புளம். குளிரில் மரத்திருக்கும்.

சமையலறையில் என்ன குளிர்?

பிப்ரவரி 12

ஒடெல்லே கூப்பிட்டார். மணி அடித்ததும் கேலன் என்று நினைத்து ஓடினேன்.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு டிரிக்கரும் என் முன்னாடி இருக்கு. ஒவ்வொண்ணையும் திரும்பப் பத்துத் தடவை இழுத்துப் பாத்துட்டேன். எழுதின எடைதான் காட்டுது.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“இல்லைங்கய்யா. உங்க ஊர்க்காரங்க ரெண்டு பேரு வேணாம்னு எழுதியிருக்காங்க, அதையும் நான் கேட்கல. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒரு பத்து சென்ட், ஒரு ஒத்தை சென்ட், ரெண்டோட விளிம்பையும் சுடுற விரலால தடவிப் பாருங்க.”

பட்டென்று வைத்துவிட்டேன். யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்?

பிப்ரவரி 13

பத்து சென்ட் விளிம்பில் பல் பல்லாகக் கோடு இருக்கும். ஒற்றை சென்ட் வழவழப்பு. குழந்தைக்கும் தெரியும்.

இடது கைக்குத் தெரிகிறது.

வலது கைக்கு – தெரியல. ஒண்ணுமே தெரியல. இருபது தடவை பாத்தாச்சு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. விரல் நுனியில ஒரு உறை மாட்டின மாதிரி. எப்பலேர்ந்து இப்படி?

பிப்ரவரி 15

மருத்துவமனைக்குப் போனேன். சர்க்கரை. ஆறு வருடமாக இருப்பதுதான், நான்தான் கண்டுகொள்ளவில்லை. கட்டுப்படுத்தினால் மேலே பரவாமல் தடுக்கலாம், போன உணர்வு திரும்புமா என்று சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண் டாக்டர். “வீட்ல கூட யாரு இருக்காங்க?” என்று கேட்டாள். “துப்பாக்கி” என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை.

பிப்ரவரி 16, சனி

சங்கத்து வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சொன்னால் வெர்னா என்னைச் சுட விடமாட்டாள், அவள் இடத்தில் நான் இருந்தாலும் விடமாட்டேன். சொல்லாவிட்டால் அந்தத் தாள் பலகையில் அப்படியே இருக்கும். ஒரு மனிதர் ஒவ்வொரு விசையையும் பத்து முறை இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார். அவர் பெயருக்குக் கீழே ‘பாதுகாப்பில்லை’.

ஜன்னல் வழியே எல்லோரும் தெரிந்தார்கள். யாரோ என் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். கோழை.

பிப்ரவரி 20

பனி. யாரிடமும் பேசவில்லை.

பிப்ரவரி 23, சனி

சொல்லிவிட்டேன்.

போட்டி தொடங்குவதற்கு முன், எல்லோரும் இனிப்புப் பன் எடுத்துக்கொண்டிருந்தபோது. “கென்டக்கிக்காரர் மேல தப்பில்லை. டிரிக்கர் நல்லாத்தான் இருந்துச்சு. என் விரலுக்குத்தான் எதுவும் தெரியல.” அவ்வளவுதான் வந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நீளமாகத் தயார் செய்திருந்தேன்.

வெர்னா தன் துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்து, தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, “உக்காரு. அழுத்தும்போது ‘இப்போ’ன்னு சொல்லு” என்றாள். அவள் விசையைக் குறை சொல்ல இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. பத்து முறை அழுத்தினேன். எட்டு முறை நான் ‘இப்போ’ சொல்வதற்கு முன்பே டிக் என்றது. பல் வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்னய்யா?” என்றாள். கோபக் குரல்தான், ஆனால் என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. “இங்க வா, காபி குடி, பாயின்ட் எழுது. பத்து தடவையும் ‘இப்போ’வும் டிக்கும் ஒண்ணா வர்ற வரைக்கும் தோட்டா கிடையாது.”

பலகையிலிருந்த தாளைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். நான் கிழித்தேன்.

அட்டைகளை எண்ணி எழுதினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அறுபத்தொன்பது வயதில், பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல்.

பிப்ரவரி 25

ஒடெல்லைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ரத்து செய்த இரண்டு பேரும் மறுபடி எழுதிவிட்டார்களாம்.

“கோபமில்லையா?”

“இருந்துச்சுங்கய்யா, ஏன் இல்லாம? பட்டறைக்கு எங்கப்பா பேரு. ஆனா நீங்க திரும்பக் கூப்பிடலைன்னாதான் ரொம்ப வருத்தப்பட்டிருப்பேன்.”

பிறகு விசையைத் தேர்ந்தெடுத்தோம். இந்த முறை நான் கேட்டேன், அவர் சொன்னார். இரண்டு கட்டம், இருபத்தெட்டு அவுன்ஸ், அகல நாக்கு. “நுனிக்குத் தெரியலைன்னாலும் கணுவுக்குத் தெரியும். விரலை உள்ள தள்ளி வைங்க. சுவத்துல முட்டும், நின்னுடும். அதுக்கப்புறம் போறது உங்க முடிவு.”

மார்ச் 9

புது விசையைப் பொருத்தி, ஒரு வாரமாக வீட்டில் சமையலறைச் சுவரைப் பார்த்துக் காலித் துப்பாக்கியோடு ‘இப்போ, இப்போ’ என்று கத்துகிறேன். வெளியே கேட்டால் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்பார்கள். கேட்கத்தான் யாருமில்லையே.

சங்கத்தில் பத்துக்கு ஏழு. வெர்னா தலையை ஆட்டினாள். பாயின்ட் எழுதினேன்.

மார்ச் 16, சனி

பத்துக்குப் பத்து. வெர்னா எதுவும் சொல்லாமல் ஒரு தோட்டா டப்பாவை என் முன்னால் வைத்தாள்.

இருநூற்றைம்பதுக்கு நூற்று எண்பத்தொன்று. கடைசி இடம். எல்லாக் குண்டும் என் அட்டையிலேயே.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் காபி போட்டுக்கொண்டு கேலனைக் கூப்பிட்டேன். போனவன்தான் கூப்பிட வேண்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தது போதும். வீம்பு யாருக்குச் சோறு போட்டது?

“யாரு?” என்றான். பிறகு, “ஹால்வரா?” என்றான்.

அவன் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. விரல் கதையைச் சொன்னேன். பல் வைத்தியரின் அட்டை, மரக்கால், ஒடெல், பத்து சென்ட், எல்லாவற்றையும். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“எந்தக் காசுல கோடு இருக்குன்ன?”

“பத்து சென்ட்ல. விளிம்புல.”

இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. காசு கிலுகிலுத்தது.

“ஹால்வர்.”

“சொல்லு.”

“ரெண்டும் வழவழன்னுதான்யா இருக்கு.”

“கண்ணை மூடியிருக்கியா?”

“மூடித்தான் இருக்கேன்.” மூக்கை உறிஞ்சினான். “போன வருஷமே எனக்குக் குண்டு எப்பப் போகுதுன்னு தெரியல. இங்க வந்து துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. சுடலைன்னா உன்கிட்ட என்னன்னு பேசுறது?”

இருபத்திரண்டு வருடம் ஒரே இனிப்புப் பன் டப்பாவில் கை விட்ட இரண்டு பேர்.

மருத்துவமனைக்குப் போ என்று திட்டினேன். நாளைக்கே போகிறேன் என்றான். பிறகு இரண்டு கட்டம் என்றால் என்ன, சுவர் எப்படி இருக்கும் என்று கேட்டான். சொன்னேன். ஒரு மணி நாற்பது நிமிடம். காபி ஆறிப்போய்விட்டது.

வைத்த பிறகு துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கைப்பிடிக்குக் கீழே அந்தச் சொரசொரப்பு உள்ளங்கையில் பட்டது. தேய்த்துச் சரிசெய்யலாம் என்று உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தேன். அவசரத்தில் விட்டதில்லை அது. அவன் விரலுக்கு அது வழவழப்பாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியே இருக்கட்டும்.

நாளை ஒடெல்லைக் கூப்பிட வேண்டும். இரண்டு கட்டம், இருபத்தெட்டு அவுன்ஸ், அகல நாக்கு, இன்னொன்று. அரிசோனா முகவரிக்கு.