வீடு வருது

சூரியநெல்லி,
சித்திரை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஜெகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாரீஸ்வரியின் இரண்டு ஆடுகளும் நலம். நீயும் மருமகள் சோனாவும் எந்தக் காட்டில் எந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்களோ, அங்கே நலமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டை. போனில் சண்டை போட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் திட்டினால் சிரிக்கிற பொம்மை அனுப்புகிறாய். கடிதத்தை உன்னால் பாதியில் கட் பண்ண முடியாது. ஆனால் இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? மகன் ஆஸ்திரேலியாவில் என்கிறீர்களே, தெருப் பேர், கதவு நம்பர் ஒன்றுமில்லையா என்று தபாலாபீசில் கேட்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் உங்களோடு ஊர் சுற்றுகிற மார்கரெட் அம்மாளின் மகள் வீட்டு விலாசத்தை எழுதினேன். அவள் இதை வாங்கி, நீங்கள் அடுத்துப் போய் நிற்கிற காட்டுப் பார்க் ஆபீசுக்கு அனுப்பி வைப்பாளாம். பெற்ற பிள்ளைக்கு யாரோ ஒருத்தி வீட்டு வழியாகக் கடிதம் போடுகிற தாய் இந்த மலையிலேயே நான் ஒருத்திதான்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தை மாசத்தோடு எனக்கு எஸ்டேட்டில் வேலை முடிந்தது உனக்குத் தெரியும். வேலை முடிந்தால் லயத்து வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும், நீ பிறந்து வளர்ந்ததே அந்த ஒற்றை அறையில்தானே. காலமெல்லாம் கம்பெனிக்காரன் கூரைக்குக் கீழே கிடந்தவள், கண்ணை மூடும்போதாவது என் கூரைக்குக் கீழே மூட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் உன் அப்பா அந்த நாலு சென்ட் இடத்தை வாங்கிப் போட்டார். அவர் காரியம் நடந்த அன்றைக்கு எல்லார் முன்னாலும், அம்மாவுக்கு அந்த இடத்தில் வீடு என் பொறுப்பு என்று சொன்னது நீ. நான் கேட்கவில்லை, நீயாகச் சொன்னாய். மாசி மாசம் ஒரு நாள் போன் பண்ணி, "எம்மா, உனக்கு வீடு வருது" என்றாய். தமிழில் வீடு கட்டுவார்கள், வீடு எழும்பும், வீடு முடியும். வீடு வரும் என்று எவனாவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அங்கேயே கிடந்து பிள்ளைக்குப் பேச்சு மறந்துவிட்டது, ஆள் அனுப்பிக் கட்டப்போகிறான் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறான் என்று நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பண்ணிக்கொண்டு வாயை மூடியாவது இருந்தேனா? லயம் முழுக்கச் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், என் மகன் வீடு அனுப்புகிறான் என்று.

அந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடும் என்றாய். கொத்தனாரும் செங்கல் லாரியும் வரும், வந்ததும் நல்ல நேரத்தில் கல் போட்டுவிடலாம் என்று நானும் தலைக்குக் குளித்து, நல்ல கருங்கல்லாக ஒன்று பார்த்து உருட்டிவரச் சொல்லி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, நவதானியமும் தேங்காயுமாக லயத்துச் சனத்தைக் கூட்டிக்கொண்டு நின்றேன். சன்னலுக்கெல்லாம் திரை போட்ட ஒரு வெள்ளை வேன் வளைவில் திரும்பி ஏறி வந்தது. ஓட்டிவந்த தம்பி சிலுவைராஜ், கொச்சியிலிருந்து வருகிறான், எங்கள் கூட்டத்தையும் மஞ்சள் கல்லையும் பார்த்து மிரண்டுபோய் இறங்கினான். என்னோடு ஒரே நிரையில் தேயிலைக் கொழுந்து எடுத்த மாரீஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்து, செங்கல் எங்கே தம்பி என்று கேட்டாள். அவன் சாவியை என் கையில் கொடுத்து, "எம்மா, செங்கல்லு தெரியாது. இதுதான் வீடுன்னு சொல்லி அனுப்பிச்சாங்க" என்றான். சனம் கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்து பார்த்தது, முடியவில்லை. அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் வந்தாய். உனக்குப் பின்னால், உங்களைப் போலவே வண்டியில் குடித்தனம் நடத்துகிற கூட்டம் முழுவதும் நின்று எனக்குக் கை தட்டியது. இங்கே வீடு கட்ட என்.ஓ.சி. அனுமதி வாங்குவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன், வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம், யோசனை மார்கரெட்டின் வீட்டுக்காரர், அந்த வெள்ளைக்காரர் பாரியுடையது என்று பெருமையாகச் சொன்னாய். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். வீடு கேட்டவளுக்குத் தேர் கொடுத்த பாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை நீ சந்தோஷம் என்று நினைத்தாய், அதற்கே உன்னை நாலு அறை அறைய வேண்டும்.

பங்குனி கடைசியில் லயத்துச் சாவியை ஒப்படைத்துவிட்டு வேறு வழியில்லாமல் உன் வண்டிக்குள் குடி போனேன். அடுப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இட்லிச் சட்டியை வைத்தால் மூடியைத் திறக்க இடமில்லை. கட்டிலை மடக்கினால்தான் நடக்கலாம். கக்கூஸ் ஒரு பெட்டி, நிறைந்ததும் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும், இதை உன் கூட்டம் காலையில் குட்மார்னிங் சொல்லிக்கொண்டே செய்யும் என்று சோனா சொன்னாள், செய்யட்டும். கோலம் போட வாசல் இல்லை, படியைத்தான் இழுத்துவிட வேண்டியிருக்கிறது. உன் அப்பா படத்தை மாட்ட ஆணி அடிக்கலாம் என்றால் சுற்றிலும் தகரம். அதனால் அவரை டிரைவர் சீட்டில் வைத்திருக்கிறேன். கொழுந்து லாரி ஓட்டிய மனுஷன், வழியில் மண் சரிந்து ரோடு அடைத்த நாளில்கூட வண்டியில் படுக்காமல் நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். வண்டி ஷெட்டுக்கு, மனுஷன் வீட்டுக்கு என்பார். அவர் பிள்ளை வண்டியையே வீடு என்கிறான், அதைப் பார்த்துக்கொண்டு ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

நீ அனுப்புகிற வீடியோக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பார்க்கில் கங்காரு, இன்னொரு பார்க்கில் அருவி, சாயந்தரமானால் எல்லா வண்டியும் வட்டமாக நின்று நடுவில் தீ மூட்டி ஆளுக்கொரு பண்டம். இயற்கையோடு வாழ்கிறோம் அம்மா என்கிறாய். நாங்கள் என்ன சிமெண்டோடு வாழ்ந்தோமா? அட்டை கடிக்கக் கடிக்க, பனியில் விரல் விறைக்க, யானை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து மலைக்குப் போனவள் நான். எங்களுக்கு டிக்கெட் கொடுத்து யாரும் உள்ளே விடவில்லை. போகட்டும், ஊரைப் பார்க்கிற வயசு, பாருங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பாரிக்கு நெஞ்சு வலி வந்தபோது ராத்திரி என்றும் பாராமல் அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயாம், ரோட்டில் கிடைத்த இந்தச் சொந்தம்தான் அம்மா பெரிசு என்றாயே, அந்த வார்த்தை எனக்கு வயிற்றில் இன்னும் எரிகிறது. போன மழைக்கு நான் வழுக்கி விழுந்து காலைப் பிசகிக்கொண்டபோது என்னை முதுகில் சுமந்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனது மாரீஸ்வரி. நீ அன்றைக்குக் கால் சரியாகிவிடும் அம்மா என்று மெசேஜ் போட்டாய். கிழவன் பிழைத்தது நல்லது, அவனுக்குச் செய்ததைக் குறை சொல்லவில்லை. எனக்குச் செய்யாததைத்தான் சொல்கிறேன்.

இனி உனக்குத் தெரியாத விஷயம். முதலமடையில் வாக்கப்பட்ட உன் சித்தி சின்னத்தாயி, அக்கா புது வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்துவிட்டாள். வைக்க வேறு இடமில்லாமல் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். வாசனை மலை முழுக்கப் போயிருக்கும். சாயந்தரம் விளக்குப் பொருத்தி உட்கார்ந்தேன், சன்னல் பக்கம் வெளிச்சம் மறைந்தது. பார்த்தால் யானை. கண்ணாடியை உடைத்துத் தும்பிக்கையை விட்டுப் பெட்டியைத் துழாவுகிறது, நான் டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் உன் அப்பா படத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன். லயத்தில் இருந்தபோதும் யானை வந்திருக்கிறது, அடுப்படிச் சுவரை இடித்து அரிசி தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அப்போது சுவர்தான் விழுந்தது ஜெகன். உன் வீடு நகர்ந்தது. அது ஒரு தள்ளுத் தள்ளியதும் பிரேக் விட்டு, வண்டி என்னோடு சேர்த்து ஓடைப்பக்கம் இறங்கியது. போடமுடியாமல் ஓரத்தில் கிடந்த அந்த மஞ்சள் கல்லில் முன்சக்கரம் முட்டித்தான் நின்றது. சனம் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தது, யானை பழத்தைத் தின்று முடித்துவிட்டு அதன்பாட்டுக்குப் போனது. வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் உனக்குத்தான் போன் போட்டேன், எடுக்கவில்லை, மறுபடியும் போட்டேன். மறுநாள் நீ பார்க்கில் சிக்னல் இல்லை என்று எழுதி, ஏதோ கரடிக்குட்டி மாதிரி ஒன்றைக் கையில் வைத்திருக்கிற போட்டோ அனுப்பினாய். அதற்குமேல் உன்னிடம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

அதற்கடுத்த நாள் ஒர்க்‌ஷாப்பில் இருந்த மொக்கையன் அண்ணனைக் கூப்பிட்டு நாலு சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். புது வண்டி, பாழாகிவிடும், மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றார். "வாங்கும்போது அவன் எங்கிட்ட கேட்டானாண்ணே? நீங்க கழத்துங்க" என்றேன். நாலு மூலைக்கும் கருங்கல் அடுக்கி வண்டியை அதன்மேல் இறக்கினார். கன்னிமூலையில் நான் மஞ்சள் பூசி வைத்த அந்தக் கல்லைத்தான் கொடுத்தேன், அன்றைக்குக் கூடின சனமே மறுபடி கூடி நிற்கக் கல் போட்டாயிற்று. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் பால் காய்ச்சினேன், பொங்கி அந்தப் பொம்மை அடுப்பு முழுக்க வழிந்தது. வில்லேஜ் ஆபீசிலிருந்து ஒரு மலையாளி சார் வந்து, சேச்சி, இது வண்டியா கெட்டிடமா, எப்படி எழுதுவது என்று கேட்டார். சக்கரம் உள்ளே இருக்கிறது சாரே, உங்களுக்கு எது சௌகரியமோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போயிருக்கிறார். பின்பக்கம் சௌசௌக் கொடி நட்டிருக்கிறேன், இப்போதே கண்ணாடியைப் பார்த்து ஏறத் தொடங்கிவிட்டது. கொடிக்குத் தேர் கொடுத்தாயிற்று என்று அந்தப் பாரியிடம் சொல்.

வேறு விசேஷமில்லை. சோனா மெலிந்து தெரிகிறாள், ரொட்டியும் டின் மீனும் தின்றால் அப்படித்தான், சனிக்கிழமையாவது சோறு வடித்து ரசம் வை. கண்ட காட்டு மிருகத்தைக் கையில் தூக்காதே. பிரேக்கை நம்பாதே, எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் போடு. கோபத்தில் எழுதினேன், கோபம் தீரவில்லை, அடித்தும் திருத்தமாட்டேன். ஆனாலும் நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், விபத்து இல்லாமல், நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு மனசு இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் சக்கரம் நாலும் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுக்கமாட்டேன். வீடு எங்கேயும் வராது, நீதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராமலட்சுமி

பி.கு: பதில் எழுதினால் கதவு நம்பருக்கு வண்டி நம்பரையே போடு, தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த விலாசம் இனி மாறாது.