முடிவைச் சொல்லாமல் போன மச்சானுக்கு

என் ஆசை மச்சான் சவரி,

நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. ஒவ்வொரு பத்தியையும் திருப்பி வாசிக்கச் சொல்கிறேன். "நம்பிக்கை இல்லியா மாமா?" என்கிறாள். உன் நாடகங்களில் இத்தனை காலம் ஆடியவனுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும், சொல்லு?

உன் வருசப் பூசைக்கு உன் மகன் அன்டன் ஒரு நினைவு மலர் அடிக்கிறான். இந்தக் கடிதமும் அதில் வருமாம். வரட்டும். தோட்டமே வாசிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பூசை முடிந்த சாயந்திரம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் உன் கடைசி நாடகத்தை ஆடப் போகிறோம். ரப்பர் பாலைத் திருடியதாக ஒரு பொம்பளை மேல் பழி விழுகிறதே, அதுதான். எப்போதும் பேர் தெரியாதவன் எழுதியதைத்தானே தேடித் தேடிப் போடுவாய். புளத்கொகுபிட்டிய துணிக்கடை நானா எழுதியதைப் போட்டாய், லொறி ஓட்டுகிறவன் எழுதியதைப் போட்டாய். ஒரு தரம் ஆடியதை மறு தரம் தொட மாட்டாய். கரவனெல்லயில் தொடங்கி கொழும்பு வரை உனக்கு மாலை விழுந்தது அதற்குத்தான். இது ஒன்றை மட்டும் நீயே கட்டினாய். ஏன் மச்சான்?

யார் எழுதிக் கொடுத்தாலும் கடைசிக் காட்சியை மாற்றுவாய். அதையும் ஆடுகிற அன்று காலையில்தான், பால் ஸ்டோருக்குப் பின்னால் எங்களை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பாய். இந்த நாடகத்துக்கு அந்தக் காலை வருமுன்னே நீ போய்விட்டாய்.

அன்டன் என்னிடம் வந்தான்.

"மாமா, முடிவு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாதுடா."

"அப்பா ஒங்ககிட்ட சொல்லாம இருப்பாரா?"

"ஒங்கப்பன் என்கிட்ட சொன்னதெல்லாம் 'சத்தமா பேசு, கைய ஆட்டாத'. அவ்வளவுதான்."

அவன் நம்பவில்லை. ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தான். உன் பார்வையேதான்.

அது எனக்குப் பழகிய பார்வை. பாதியில் நின்ற நாடகம் ஞாபகம் இருக்கா? அந்த வருசந்தான் முதல் தரமாக, "கடைசிக் காட்சிய அன்னைக்குச் சொல்றேன்" என்று இழுத்தாய். ஆடிக்கொண்டு இருக்கும்போதே வாச்சர் வந்து, "மஹத்தயா எப்பா கிவ்வா. தொரை வேணாம்னுட்டாரு" என்றான். கூட்டம் கலைந்து போனது.

கதையைத் துரைக்குச் சொன்னது யார் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு. பங்களா குசினியில் வேலை செய்தது என் பெண்சாதி மரியம் ஒருத்திதான். அவள் பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போனால், "மெதுவா பேசுங்கடி, தொரையோட டெலிபோன் வருது" என்பார்கள். நீ வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு முடிவை மறைப்பதே உன் வழக்கமானது. காரணம் கேட்டால், "லயத்துல காது ஜாஸ்தி" என்பாய், என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு. மரியம் அன்றிலிருந்து ஒரு நாடகத்துக்கும் வந்ததில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்குத் துரையின் ஜீப் கராஜில் இல்லை. காலையிலேயே கேகாலைப் பக்கம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். தோட்டத்திலேயே இல்லாத துரை எப்படி வேண்டாம் என்பார்? கேட்டால் பேச்சை மாற்றுவாய்.

அன்டன் போனதும் உன் ரோசலி, என் கூடப் பிறந்தவள், தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்த வருசம் முடிவே இல்ல. எழுதிக் குடுத்தவன் வச்சது புடிக்கல, அவருக்குப் புதுசா ஒண்ணும் வரவும் இல்ல. சனத்துக்கு முன்னால முழிக்க வெக்கப்பட்டு, அவரேதான் வாச்சர்கிட்ட சொல்லி நிறுத்த வச்சாரு."

"மரியத்தப் பேசுனாங்களே. அப்பவாவது சொன்னா என்ன?"

"புருசன எப்படிண்ணே காட்டிக் குடுக்கிறது?" என்று குனிந்துகொண்டாள்.

அப்படியானால் அதற்குப் பிறகு வந்த நாடகக் காலைகளிலும் உன் கையில் முடிவு இருந்ததில்லையா? ஸ்டோருக்குப் பின்னால் எங்களைப் பேச விட்டு, எங்கள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டாயா? இந்தப் பொம்பளை கதையைக் கட்டினது மரியத்திடம் மன்னிப்புக் கேட்கவா? இல்லை, அவள் பட்டதையும் ஒரு புது நாடகமாக்கி இன்னொரு மாலை வாங்கவா? மன்னிப்புக்குத்தான் என்கிறாள் ரோசலி. உன் பெண்சாதி வேறு என்ன சொல்வாள்?

மரியத்திடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்ப டெலிபோன் ஒங்க மச்சான்தானா?" என்று சிரித்தாள். பிறகு கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான், அந்த நாடகத்துக்கு நான் ஒரு முடிவு வைத்திருக்கிறேன். ஆடுகிற அன்று காலையில், ஸ்டோருக்குப் பின்னால், அன்டனுக்குச் சொல்வேன். அதற்கு முன்னால் அவன் எத்தனை தரம் வந்து நின்றாலும் கிடையாது. இதை எழுதுகிற ஸ்டெல்லாவுக்கும் கிடையாது. உனக்கும்தான். மரியத்தை முன் வரிசையில் உட்கார வைப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

முடிவு தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டுந்தான். அவளிடம் சொல்லி நாளாகிவிட்டது. லயத்தில் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.

ரோசலியின் அண்ணன், மரியத்தின் புருசன்,
உன் மச்சான் சூசை