கண்ணாடியின் வெளிப்பக்கம்

ஜனவரி 9

அன்பு அண்ணாவுக்கு,

போனில் சொன்னால் "சரி சரி, வேலை கிடக்கு, வை" என்பாய். அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படிக்க வேண்டும்.

உன் தங்கை இப்போது பறவை பார்க்கிறாள். சிரிக்காதே. மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்கிற அக்கா ஒரு பழைய பைனாகுலர் தந்தார். முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஓர் ஆந்தையைப் பார்த்தேன். அது மரத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பை! இப்போது பன்னிரண்டு பறவைகளை அடையாளம் தெரியும். காக்காவையும் சேர்த்துத்தான்.

வீடு கட்டியபோது நீ போட்டுக் கொடுத்தாயே, சுவரளவு கண்ணாடி ஜன்னல், அதன் முன்னால்தான் தினமும் உட்காருகிறேன். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்குத் தைரியம் வரவில்லை.

பிரியமுள்ள தங்கை

ஜனவரி 17

என் வாலுத் தங்கைக்கு,

இதென்ன பாதியில் நிறுத்துகிற பழக்கம்? மூன்று நாளாகத் தூக்கமில்லை. விரிசலா? தண்ணீர் கசிகிறதா? நான் போட்டதிலேயே சுத்தமான வேலை அது. கண்ணாடி இருப்பதே தெரியக்கூடாது, அதுதான் கைநேர்த்தி. உடனே எழுது.

ஆந்தைக் கதையைக் கேட்டு உன் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்ணன்

ஜனவரி 22

அண்ணா,

விரிசல் ஒன்றுமில்லை. கண்ணாடி இருப்பது தெரியவில்லை, அதுதான் வினை. வானம் என்று நினைத்துப் பறவைகள் வந்து மோதுகின்றன. முன்பு 'டப்' என்று கேட்டால் தெருப் பிள்ளைகளின் பந்து என்று இருந்துவிடுவேன். இப்போது இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். இந்த மாதம் நான்கு செத்துவிட்டன. மீன்கொத்தியை முதல்முதலாக என் உள்ளங்கையில்தான் பார்த்தேன். சூடு ஆறவில்லை.

ஒரு பருந்துப் படம் வாங்கி ஒட்டினேன். பருந்துக்குப் பக்கத்திலேயே ஒரு புறா மோதியது. இப்போது உள்ளே முழுக்கப் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். ஆசையாகப் போட்டதை மூடிவிட்டேனே என்று மனசு கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

தங்கை

பிப்ரவரி 3

உன் வீடு, உன் இஷ்டம். கண்ணாடிக்காரன் தங்கை ஜன்னலில் பேப்பர் தொங்குகிறது என்று ஊர் சிரிக்கட்டும். பேசாமல் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்துக் கட்டிக்கொள்.

அண்ணன்

பிப்ரவரி 20

அண்ணா,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அண்ணியும் "அவர் வெளியே போயிருக்கார்மா" என்கிறார், பின்னால் உன் இருமல் கேட்கிறது. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பேப்பரைக் கிழிக்க நேற்று கை வைத்தேன். முடியவில்லை. பேப்பர் ஒட்டியும் மோதுகின்றன, அது ஏன் என்றும் புரியவில்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தங்கை

மார்ச் 8, உன் வாசல்படி

வாலு,

நீ கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தேன். நேரில் எனக்குப் பேச வராது.

மக்கு! உள்ளே பேப்பர் ஒட்டினால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் கண்ணாடியில் மேகத்தின் பிம்பம்தானே தெரியும்? வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். இது தெரிந்தும் எழுதாமல் இருந்தேன். வீம்பு. இன்று ஏணி வைத்து, மூன்று விரல் இடைவெளியில், கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி ஒட்டிவிட்டேன். பேப்பரைக் கிழித்துவிடு.

இன்னொன்று. நான் கண்ணாடி போட்ட கட்டடங்களில், காலையில் கூட்டுகிற அம்மா செத்த பறவைகளை முறத்தில் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை. ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உன் கடிதம் வந்தபோது வெட்கமாக இருந்தது. அதைக் கோபமாக எழுதிவிட்டேன். மன்னித்துவிடு.

ஒட்டி முடித்துப் படியில் உட்கார்ந்தேன். மஞ்சள் உடம்பு, கறுப்பு இறக்கை, ஒன்று நேராகக் கண்ணாடியைப் பார்த்து வந்தது. "ஏய்! ஏய்!" என்று கத்திவிட்டேன். ஒரு முழம் இருக்கும்போது வெட்டித் திரும்பி மரத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

திங்கட்கிழமை ஓர் ஏழு மாடி அலுவலகத்தில் வேலை தொடங்குகிறோம். புள்ளி வைக்கலாம் என்றால் என்ஜினீயர் "அசிங்கமா இருக்கும்யா" என்பார். கேட்டுப் பார்க்கத்தான் போகிறேன். அதிருக்கட்டும், அந்த மஞ்சள் பறவைக்கு என்ன பெயர்?

அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

மாங்குயில். இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருப்பது. என் வீட்டுப் படியில் உட்கார்ந்து நீ பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய், பொறாமையாக இருக்கிறது.

திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். என்ஜினீயரிடம் நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும்.

தங்கை