மாத்திரைப் படமும் வினிகர் வாடையும்

புக்கிட் ரோத்தான்
12.3.1989

அன்பு மகள் அஜீஸாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சாப்பாட்டுக் கடையும் நலம். அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க துஆ செய்கிறோம்.

மகளே, உன் கடிதமும் மாத்திரைப் படமும் வெள்ளிக்கிழமை வந்தன, எனக்கு விடுதலை கிடைத்தது! நெஞ்சுவலிக்குப் பிறகு டாக்டர் உப்பும் வினிகரும் போட்டு ஊறிய அச்சாரைத் தொடக்கூடாது என்றாரல்லவா, மூன்று மாதமாக உன் உம்மா காலையில் மாத்திரை போட்ட கையோடு வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்து, வினிகர் வாடை அடிக்குது, கடை அச்சாரைத் திருடித் தின்னுட்டு பொய் வேறயா என்று சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே மானத்தை வாங்கினாள். சத்தியம் செய்தும் நம்பவில்லை. ரொட்டி போடும் மீரா முகைதீன்கூட, ஒத்துக்குங்க முதலாளி, விட்டுருவாங்க லா என்றான். நம் ஊர் வெக்கையில் கிடந்த மாத்திரை ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று நீ கேட்டதால் ஆறு அனுப்பினேன், அதுவே எனக்குச் சாட்சி சொல்லும் என்று யார் கண்டது! மாத்திரையை வெட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒளியால் புள்ளி புள்ளியாக அளந்து, எந்த இடத்தில் எந்த இரசாயனம் என்று கம்ப்யூட்டர் வரைந்த படம் இது என்று நீ எழுதியதைக் கடை முழுக்க ஒப்பித்தேன். நீலம் நல்ல மருந்து, ஓரத்துச் சிவப்பு ஈரத்தில் கெட்டது, கெட்டால் வினிகர் வாடை அதிலிருந்தே வரும். லோரி ஓட்டும் நல்லசாமி படத்தைத் தலைகீழாகப் பிடித்து, இது எந்த ஊரு மேப்பு என்று கேட்டார், எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாட்டில் மூடியைத் திருக எனக்குச் சிரமம் என்று மாத்திரையை பிஸ்கட் டின்னுக்கு மாற்றி, தேத்தண்ணி கொதிக்கும் டிரம்முக்கு மேலே, ஆவி படும் தட்டில் வைத்தது அவள்தான். என் கையாலேயே கெட்ட மருந்தக் கொடுத்துட்டேனே என்று ஒரே அழுகை. டாக்டர் சோதித்து, பயமில்லை என்று புது மாத்திரை கொடுத்த பிறகும் சோறு இறங்கவில்லை அவளுக்கு. எனக்குத் தாங்கவில்லை. ஆமா, ரெண்டு தடவை அச்சார் தின்னேன்தான் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அகப்பையோடு எழுந்து ஏசினாள் பார், பாசார் மீன்கடை வரைக்கும் கேட்டிருக்கும்! ஏசி முடித்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

தொழுகையை விடாதே, குளிரில் தலையை மூடிக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் தரட்டும். மகளே, சத்தியமாக நான் ஒரு துண்டு அச்சார்கூடத் தொட்டதில்லை. பதிலில் இதைப் பற்றி மூச்சு விடாதே, உன் கடிதத்தை உம்மாதான் முதலில் பிரிக்கிறாள்.

உன் அன்பு அத்தா,
சீனி முகம்மது