ஒன்றாம் இலக்கத்தில் யாரும் இல்லை

ஜூன் 12, வியாழன்

விடியலிலிருந்து மழை. கடல் பக்கக் காற்று. காயப்போட்ட சாரம் மூன்றாம் நாளாக ஈரம்.

வெடிப்பை அளந்தேன். படுக்கையறை ஜன்னல் மூலையில் தொடங்கியது, கூரையை நோக்கிப் போகிறது. போன வியாழன் போட்ட பென்சில் கோட்டுக்கு மேல் நாலு விரல். மகள் வளரும்போது அவள் உயரத்தைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் சுவரில் குறித்ததில்லை. அகலம்: ஏப்ரலில் நூல். மே மாதம் தபாலட்டை. இன்று என் அடையாள அட்டை உள்ளே போய்விட்டது. திரும்ப எடுக்கப் பட்ட பாடு.

வசந்தி பார்மசி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு கதவடியில் நின்று பார்த்தாள். “அதையும் அதுக்குள்ள துலைச்சுப்போட்டு வந்து நில்லுங்கோ.” முப்பது வருஷ மனைவி. அனுதாபம் இந்த அளவில்தான் வரும்.

பின் மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளம். பழைய வீடு இடித்த காணி. பன்னிரண்டு மாடி வருகிறதாம். எட்டரைக்கு பைலிங், அத்திவாரத் தூண் அடிப்பது, தொடங்கும். ஒரு குத்து. நாலு எண்ணும் வரை அமைதி. மறுபடி குத்து. குத்தும்போது அவ்வளவு பயமில்லை. பயம் அந்த நாலு எண்ணும் நேரத்தில்தான்.

மகள் ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தாள். போனைக் கூரைப்பக்கம் திருப்பாமல் கதைத்தேன். “அப்பா ஏன் ஒரே இடத்தில இருந்து கதைக்கிறீங்கள்?” கழுத்து நோவு என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம்.

முன்வீட்டு சிவபாதம் மாஸ்டர் வந்தார். எங்கள் தெருவின் ஒழுங்கைக் கமிட்டிச் செயலாளர். கமிட்டியில் தலைவர் இல்லை, பொருளாளர் இல்லை, செயலாளர் மட்டும். வட்டாரச் சனசமூகச் சபை புதன் பின்னேரம் கூடுகிறதாம். நாங்கள் எல்லாரும் சிங்களத்தில் ‘பிரஜா மண்டல’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பைலிங்கைப் பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால் எடுப்பார்களாம். மாஸ்டர் தயாரித்த தாளைக் காட்டினார். அழகான எழுத்து. கீழே பெட்டிகள்: இலக்கம், பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டில் உள்ளோர், ஒப்பம்.

வசந்தி எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

“இன்னொரு லிஸ்டோ மாஸ்டர்?”

“இது நாங்களே எழுதுற லிஸ்ட், தங்கச்சி.”

“எழுதுறது ஆரெண்டாலும் போய்ச் சேருற இடம் ஒண்டுதானே.”

மாஸ்டர் பேனையின் மூடியைத் திருகினார். சண்டைக் காலத்தில் தமிழர் வீடுகளுக்கு வந்த பொலிஸ் பதிவுப் படிவத்திலும் இதே பெட்டிகள். யார் யார் இருக்கிறீர்கள், எங்கேயிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள். ஒரு முறை மச்சான் பரீட்சை எழுத வந்து இரண்டு நாள் நின்றான், பெயரைப் பதிய மறந்துபோனேன். மூன்றாம் நாள் பொலிஸ் கொண்டுபோன அவனைத் தேடி நான் ஏறி இறங்கிய படிகள். சண்டை முடிந்து இத்தனை வருஷம். ஆனால் பெட்டி போட்ட தாளைக் கண்டால் இன்னும் என் கை பேனையைத் தேடாது, கதவைத் தேடும்.

தாள் வீடு வீடாகப் போகட்டும், கடைசியில் நான் பார்க்கிறேன் என்றேன். வீரம்.

ஜூன் 14, சனி

தாள் சுற்றி வந்தது. பதினொரு கையெழுத்து. மாஸ்டர் மேசையில் விரித்துவிட்டு விரலால் காட்டினார்.

2, 3, 4 என்று 12 வரை நிறைந்திருந்தது. 1 வெறுமை.

முழு ஒழுங்கையும் முதல் வரியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. சேகரித்த காரணங்கள்:

– மூன்றாம் இலக்கம்: “முதலாவதா ஆரும் பெரியவை போடட்டும்.” (அவருக்கு எழுபத்தாறு.)
– ஐந்தாம் இலக்கம், பக்கத்து வீட்டுச் சிங்கள மிசிஸ் பெரேரா: “நான் முதல்ல போட்டா, அந்த நோனாதான் தமிழ் ஆக்கள ஏத்திவிட்டதுன்னு கதைப்பாங்க.”
– எட்டு: மகனின் விசா அலுவல்.
– பதினொன்று: கண்ணாடி இல்லை, வரி தெரியவில்லை.
– இரண்டு: மாஸ்டரே.

“மாஸ்டர், உங்கட கையெழுத்தும் ரெண்டில கிடக்கு.”

“நான் செயலாளர் எல்லோ. செயலாளர் முதலாவதா போடுற வழக்கமில்லை.”

“அப்ப ஆர்?”

“ஞானம், நீர் கதைக்கிற ஆள். கலியாண வீட்டில ஐந்நூறு பேருக்கு முன்னால மைக் பிடிக்கிறீர். உமக்கென்ன பயம்?”

கலியாண வீட்டில் எல்லாரும் சாப்பிட வந்தவர்கள். நான் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கேலி பண்ணினால் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. யோசிக்கிறேன் என்று தாளை வாங்கி வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

போட்டுவிட்டேன்.

காலை பதினொரு மணி போல. ஞாயிறும் பைலிங். தலையிடி என்று படுத்திருந்த வசந்தி அப்போதுதான் எழும்பிக் குசினிக்குப் போனாள். ஒரு குத்து. அறையில் தொப் என்று சத்தம். போய்ப் பார்த்தேன். கூரையோரத்துச் சீமெந்துத் துண்டு, ஒரு பாண் அளவு, செங்கல் கனம். அவளுடைய தலையணையில். அவள் தலை இருந்த பள்ளத்துக்குள்ளேயே கிடந்தது.

“என்ன விழுந்தது?” குசினியிலிருந்து.

“புத்தகம்.”

துண்டைத் துவாயில் சுற்றி அலுமாரிக்கடியில் தள்ளினேன். மேசைக்கு வந்து ஒன்றாம் இலக்கத்தில் முழுப் பெயரும் எழுதினேன். அடையாள அட்டை இலக்கத்தில் இரண்டு முறை பிழை. ‘வீட்டில் உள்ளோர்: 2.’

கட்டிலை ஹோலுக்கு இழுத்தோம். காற்றோட்டத்துக்கு என்றேன். வசந்தி கூரையைப் பார்த்தாள். பிறகு தானே ஒரு பக்கம் பிடித்தாள்.

ஜூன் 16, திங்கள்

தாளை மாஸ்டர் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னேரம் நாலு மணிக்கு வாசலில் ஒருவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட், கையில் கேக் பெட்டி. கட்டடக்காரரின் ஆள். தமிழர். அதுதான் இன்னும் பயம்.

“அங்கிள், நீங்கள்தானே நம்பர் வண்?”

ஆறு மணித்தியாலம். தாள் கை மாறி ஆறு மணித்தியாலம்தான்.

உட்காரச் சொன்னேன். தேத்தண்ணி வேண்டாமாம். மிகப் பவ்வியம். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேறே இல்லை. ஒழுங்கை முழுக்கச் சேறு.

“மகள் ரொறன்ரோவில என்ன? நல்லம் நல்லம். அப்ப நீங்களும் அன்ரியும் மட்டும்தான்.”

“ஓம்.”

“அன்ரி ஆறரைக்குத்தானே வருவா, கடை பூட்டி. மழைக்காலம், ஒழுங்கை வழுக்கும். கவனமா வரச் சொல்லுங்கோ.”

அவ்வளவுதான். ஒரு கெட்ட சொல் இல்லை. பொலிஸில் போய்ச் சொன்னால், உன் மனைவியைக் கவனமாக வரச் சொன்னவனைப் பற்றியா முறைப்பாடு என்பார்கள்.

ஆறு மணிக்கே குடையோடு பார்மசி வாசலில் நின்றேன். மழை இல்லை. “என்னப்பா புதுசா?” என்றாள். காதல் என்றேன். நம்பவில்லை.

கேக் பெட்டி திறக்கவில்லை. குளிர்ப்பெட்டிக்கு மேலே இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போது இரண்டு பேருமே கொஞ்சம் விலகிப் போகிறோம்.

ஜூன் 17, செவ்வாய்

மாஸ்டர் செய்தி கொண்டுவந்தார்: ஒன்றாம் இலக்கம்தான் நாளை எழும்பிப் பேசவேண்டும். சபையின் ஒழுங்கு. தமிழில் பேசலாம், மொழிபெயர்க்க ஆள் வரும். பிறகு மெதுவாக: “ஆள் லீவெண்டும் ஒரு கதை.”

என் சிங்களம் மூன்று வகை. கடைச் சிங்களம், பஸ் சிங்களம், செக்பொயின்ற் சிங்களம். மூன்றாவதில் மட்டும் இலக்கணப் பிழை வராது, பயம் திருத்திவிடும். சுவர், வெடிப்பு, அத்திவாரம் இவை எதுவும் இந்த மூன்றிலும் இல்லை.

மிசிஸ் பெரேராவிடம் ரியூஷன். அவர் குசினி வாங்கில் நான், கையில் கொப்பி. சுவருக்கு ‘பித்தி’. வெடித்துவிட்டது, ‘புபுரலா’. எங்கள் சுவர் வெடித்துவிட்டது என்பதற்கு அவர் சொல்லித்தந்தது: “அபே பித்தி புபுரலா, மேடம். எச்சரதான், அவ்வளவுதான். லேசி. பயப்பட வேணாம் அண்ணே.” இருபது தரம் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் பைலிங் விழுந்தது, இரண்டு பேரும் நிறுத்தி, நாலு எண்ணி, மறுபடி தொடங்கினோம்.

எழுந்து வரும்போது தோளில் தட்டினார். “உங்கட வீடு போனா அடுத்தது நம்மட வீடுதான். நல்லா சொல்லுங்க.”

இரவும் கொப்பியை வைத்துக்கொண்டு பாடமாக்கினேன்.

ஜூன் 18, புதன்

எழுத விருப்பமில்லை. எழுதாவிட்டால் வேறு யாராவது கலியாண வீட்டில் சொல்லுவார்கள், அதற்கு முதல் நானே.

மண்டபம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் கதிரைகள். மொழிபெயர்க்கும் ஆள் லீவுதான். முதலில் தெரு நாய். பிறகு மீன்கடைச் சாக்கடைக் கான் அடைப்பு. பிறகு ஒரு மாமரக் கொப்பு, அதற்கு முக்கால் மணித்தியாலம். வெள்ளைச் சேட் முன் வரிசையில். திரும்பி எனக்குத் தலையாட்டினார். பிறகு வசந்தியைப் பார்த்தும்.

தலைவி தடித்த கண்ணாடி போட்ட அம்மையார். தாளைத் தூக்கி, “அங்க எக கவுத?” ஒன்றாம் இலக்கம் யார்?

எழும்பினேன். வாயைத் திறந்தேன். இருபது தரம் பாடமாக்கிய வசனம் போய்விட்டது. முப்பது வருஷம் மூலைக்கடையில் தினமும் சொன்ன சொல் வந்து அந்த இடத்தில் குந்தியது.

“மகே பித்தர ஒக்கோம புபுரலா, மேடம்.”

என்னுடைய முட்டைகள் எல்லாம் வெடித்துவிட்டன, மேடம்.

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்றே நினைத்தேன்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “கீயத?” எத்தனை?

மூன்று சுவரில் வெடிப்பு. அறிவாளி நான், விரலையும் காட்டி: “துனய்.”

அதற்குப் பிறகு யாரும் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. பின் வரிசை ஆண்கள் சிரித்த சிரிப்பு கோழி முட்டைக்கானதாகத் தெரியவில்லை. மாமரக்காரர் கதிரையிலிருந்து சரிந்தார். மிசிஸ் பெரேரா எழும்பி நின்று “பித்தி! பித்தி!” என்று கத்துகிறார், யார் கேட்டது? வசந்தி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். குலுங்கியது சிரிப்பா அழுகையா, இன்னும் கேட்கவில்லை.

வெள்ளைச் சேட்டும் சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரிடம், வெள்ளிக்கிழமை என்ஜினியரோடு போய் இந்த மனுஷனின் முட்டைகளைப் பார்ப்போமே, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அவர் சிரித்த வாயோடு இல்லை என்று கையசைத்தார். கையசைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஆனால் அது குறிப்பில் ஏறிவிட்டது.

வெளியே மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீர் வேணுமெண்டுதானே செய்தனீர்?” ஓம் என்றேன். பிறகு மண்டபத்துக் கக்கூசுக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ‘பித்தி, பித்தி’ என்று பத்துத் தரம் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

அவசரம். சுருக்கமாக.

தலைவி வந்தார், இன்னும் சிரித்த முகம். கூட என்ஜினியர், முப்பது வயதுப் பிள்ளை. சின்னச் சுத்தியல், ரோர்ச், அடிமட்டம். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. ஜன்னல் வெடிப்பைப் பார்த்தார். என் பென்சில் கோடுகளைப் படம் எடுத்தார். சுவரைத் தட்டிக்கொண்டே போய் அலுமாரியடியில் நின்றார். நகர்த்தச் சொன்னார்.

நானும் மாஸ்டரும் இழுத்தோம்.

பின்னால், நிலத்திலிருந்து கூரை வரை. இத்தனை நாளும் நாங்கள் பார்க்காதது. அதற்குள்ளால் வெளிச்சம். குனிந்து பார்த்தேன். பள்ளம் தெரிந்தது. கீழே மஞ்சள் தொப்பி போட்டவர்கள் நடமாடுவது தெரிந்தது.

அந்தப் பிள்ளை என் முழங்கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். யாரும் சுவரில் சாயவேண்டாம் என்று சிங்களத்தில், மிக மெதுவாக. எல்லாரையும் ஒழுங்கைக்கு அனுப்பினார். தலைவியின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

அரை மணித்தியாலத்தில் பைலிங் நின்றது. ஒழுங்கை கைதட்டியது, யாரோ விசிலும் அடித்தார்கள். பிறகுதான் என் கதவில் ஒட்டுகிற தாளைக் கண்டார்கள். இரண்டு உத்தரவு. ஒன்று அவர்களுக்கு, வேலை நிறுத்தம். மற்றது எங்களுக்கு, குடியிருக்கத் தடை. முறைப்பாட்டாளர் பெயர், ஒன்றாம் இலக்கம், நான்.

பத்து நிமிஷம் உள்ளே போக விட்டார்கள். வசந்தி எடுத்தவை: காணி உறுதி, பாஸ்போர்ட்டுகள், பிரஷர் மாத்திரை, சாமிப்படம் ஒன்று. நான் எடுத்தவை: இந்தக் கொப்பி, ஒற்றைச் சப்பாத்து.

வாசலில் வசந்தி அந்தப் பிள்ளையிடம் தமிழிலேயே கேட்டாள். “எவ்வளவு நாளைக்கு?”

“தெரியாது அம்மா.” அதுவும் தமிழில்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். காற்று பலம்.

ஹெவ்லொக் டவுன். வசந்தியின் தங்கை சுகந்தியின் பிளாட். பதினோராம் மாடி. மகளுக்கு இன்று சொல்லிவிட்டோம். அவள் அழுதாள், பிறகு எங்களைத் திட்டினாள், பிறகு மறுபடி அழுதாள். துவாயில் சுற்றிய துண்டு பற்றி வசந்திக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அலுமாரி நகர்த்தியபோது அவளும் நின்றாள். கண்டிருப்பாள்.

இங்கே பைலிங் இல்லை. ஆனாலும் நாலு எண்ணுகிறேன். எண்ணி முடிந்தும் ஒன்றும் வராதபோது இன்னும் பயம்.

மாஸ்டர் போன் எடுத்தார். அந்தச் சுவர் நிற்குமா விழுமா என்று ஒழுங்கையில் இரண்டு கட்சியாம். வெள்ளைச் சேட் இரண்டு தரம் வந்து ஞானம் அங்கிள் எங்கே என்று விசாரித்தாராம். “நான் சொல்லேல்லை.” நல்லது என்றேன். “ஆனா அவருக்குத் தெரியும் போல கிடக்கு.”

போனை வைத்துவிட்டு பல்கனிக்கு வந்தேன். “கவனம், எட்டிப் பாக்காதேங்கோ” என்றாள் சுகந்தி. எட்டிப் பார்த்தேன். நேர் கீழே, இந்தக் கட்டடத்தின் மதிலை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீடு. அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறச் சீமெந்துப் பூச்சு, நீளமாக, வளைந்து வளைந்து. புதிதாகப் பிளந்த இடத்தில் என் வயதுக்காரர் ஒருவர் ஏணியில் நின்று கரண்டியால் அப்பிக்கொண்டிருந்தார். பனியன், சாரம். ஏணியைக் கீழே ஒரு பொம்பிளை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பி முடித்து நெற்றியைத் துடைத்தார். தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு மாடியாக எண்ணுகிறவர் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு வந்தார். என் மாடிக்கு வரும் முதலே நான் உள்ளே வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.